கல் பெறாத வீரன்: ப. சிங்காரத்தின் பாண்டியனும் புறத்திணை மரபும்

1. முன்னுரை

முதுகலை வகுப்பில் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பாடஞ் சொல்லி முடித்த நாளில் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பாண்டியன் எந்த அரசனுக்காக உயிர் விட்டான்?” என்று வினவினார். அவர் சிவகாசிக்கு அணித்தான சிற்றூர் ஒன்றைச் சார்ந்தவர். புறநானூற்றையும் இந்நாவலையும் ஓராண்டிலேயே அடுத்தடுத்துக் கற்றவராதலின் அவ்வினா அவருள்ளத்தில் எழுந்தது இயல்பே. பண்டை வீரன் அரசனுக்காகப் பொருதான். இக்கால வீரன் நாட்டிற்காகப் பொருகின்றான். அரசன் நின்ற இடத்தில் நாடு நிற்கின்றது என்று அன்று விடை கூறினேன். வகுப்பு அவ்விடையை ஏற்றுக்கொண்டது. எனக்கோ அது நிறைவு தரவில்லை. நாவலை மீண்டும் முறையாகப் படித்தபோது அவ்விடை பொருந்தாதென்பது தெளிவாயிற்று. பாண்டியன் உயிர்விடும் மண் அவன் நாடன்று. அவன் இறுதியாகப் பொருத போரும் அவன் நாட்டுப் போரன்று.

இந்நாவலைச் சங்க மரபின் தொடர்ச்சியெனக் கொண்டு ஆராய்வோர் நம்மிடைப் பலர். புறத்திணைத் துறைகளை ஒருபுறமும் பாண்டியன் செயல்களை மற்றொருபுறமும் நிறுத்தி ஒற்றுமை காட்டுவது அவர்தம் முறை. ஒற்றுமைகள் உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீரனது வாழ்வில் ஒற்றுமை தேடுவார் அவனது சாவில் உள்ள வேற்றுமையை நோக்காது விடுகின்றனர். புறத்திணை வீரனுக்குச் சாவு முடிவன்று. அதன்பின் தாயும் புலவனும் ஊரும் கல்லும் உள. பாண்டியனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இவ்வின்மையே நாவலின் உயிர்நிலை என்பதும், அவ்வின்மையை நாவல் தன் அமைப்பாலேயே ஈடு செய்கின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. ஆசிரியரும் நிலமும்

ப. சிங்காரம் 1920-ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தார். அவ்வூர் இன்று சிவகங்கை மாவட்டத்தது. அன்று விருதுநகரும் சிவகாசியும் உள்ளிட்ட பழைய இராமநாதபுர மாவட்டத்தது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இலேயே ஆகும். எனவே விருதுநகர்ப் பகுதி மாணவர்க்குச் சிங்காரம் அயலூரார் அல்லர். ஒரே வானம் பார்த்த பூமியின் மைந்தர். 1938-இல், பதினெட்டு வயது இளைஞராய், அவர் சுமத்திராத் தீவின் மேடான் நகருக்கு வட்டிக்கடைப் பணிக்காகச் சென்றார். போர் முடிந்தபின் 1946-இல் தாயகம் மீண்டார். பின்னர் மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றி 1997-இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே: 1959-இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’, 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டும் அவை எழுதப்பெற்றுப் பல ஆண்டுகள் சென்றபின்னரே அச்சேறின.

அந்நாளில் இம்மாவட்டத்து இளைஞர்க்கு இருவகைச் செலவுகள் இருந்தன. ஒன்று சென்று மீளும் செலவு. 1923-இல் சிவகாசியினின்று அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அவர் கொணர்ந்த தொழில் ஊரையே மாற்றியது. தீப்பெட்டியின் பின் பட்டாசும், பட்டாசின் பின் அச்சுத் தொழிலும் தழைத்தன. மற்றொன்று கடல் கடந்த செலவு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளில் இறங்கியோர் கணக்கற்றோர். அவருள் தோட்டத் தொழிலாளர் ஒரு சாரார். கடைகளில் அடுத்தாளாகவும் மேலாளாகவும் பணிபுரிந்தோர் மற்றொரு சாரார். மூன்றாண்டுக் கணக்கு முடித்து மீள்வோம் என்ற நினைவோடு சென்றவர் பலர். 1941-ஆம் ஆண்டு திசம்பரில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர்; கடல் வழி அடைபட்டது. மீள்வதற்கென்றே சென்றவர் மீள வழியற்றவராயினர். சிங்காரத்தின் இரு நாவல்களும் இக்கட்டத்தில் நிற்கும் இளைஞரைப் பற்றியன.

3. செல்லையா: பேரேடும் துப்பாக்கியும்

பாண்டியனை அறிதற்குமுன் ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் தலைவனாகிய செல்லையாவை அறிதல் வேண்டும். அவன் பினாங்கில் வட்டிக்கடை ஒன்றில் வளர்ந்தவன். முதலாளியின் மகள் மரகதத்தின்பால் காதல் கொண்டவன். இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து போர் முடிந்தபின் மீண்டவன். மீண்டவனை முதலாளி மருமகனாக ஏற்க மறுக்கின்றார். அவன் கோழையென்றோ தீயவனென்றோ அவர் கருதவில்லை. துப்பாக்கி ஏந்திய கை இனிப் பேரேடு எழுதுதற்கு உதவாது என்பதே அவர் கருத்து.

இம்மறுப்பினை முதலாளியின் கொடுமை என்று எளிதிற் கூறிவிடலாம். நாவல் அங்ஙனம் கூறவில்லை. தொழிலுக்கு வேண்டும் இயல்புகளை அவர் நன்கறிவார். அடக்கமும் பொறுமையும் அச்சமும்கூட அத்தொழிற்கு முதலாவன. அவை போரிற் பழகியவனிடம் குன்றும் என்பது அவர் பட்டறிவு. எனவே இங்கு மோதுவன நன்மையும் தீமையும் அல்ல, இரு அறங்கள். சங்க காலச் சமுதாயத்தில் போர்க்களத்தினின்று மீண்டவனுக்கு மன்றில் மதிப்பு உயர்ந்தது. வட்டிக்கடைச் சமுதாயத்தில் அவன் மதிப்புத் தாழ்கின்றது. வீரத்தை அளக்கும் கோல் மாறிவிட்டதென்பதைச் சிங்காரம் தம் முதல் நாவலிலேயே, ஒரு திருமண மறுப்பின் வாயிலாக, ஆரவாரமின்றிப் புலப்படுத்தினார். செல்லையா உயிரோடு மீண்டும் இடமிழந்தான். மீளாதவன் நிலை என்னாம் என்பது அடுத்த நாவலின் வினாவாகின்றது.

4. பாண்டியன்: மூன்று போர்கள்

‘புயலிலே ஒரு தோணி’ சப்பானியப் படை மேடான் நகரிற் புகும் காட்சியோடு தொடங்குகின்றது. சின்னமங்கலத்தினின்று வந்த பாண்டியன் அதனைக் காண்பவர் கூட்டத்துள் ஒருவன். பின்னர் வணிகர் சிலரோடு தொங்கானில் ஏறிப் பினாங்கிற்குச் செல்கின்றான். இடைவழியில் வீசும் புயலே நூலுக்குப் பெயர் தந்தது. பினாங்கில் நண்பரோடு கூடியிருக்கின்றான். சுபாசு சந்திர போசு தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்திற் சேர்கின்றான். போர் முடிந்தபின் இந்தோனேசிய விடுதலைப் போராளிகளோடு கூடி ஒல்லாந்தரை எதிர்க்கின்றான். அம்மண்ணிலேயே உயிர் விடுகின்றான்.

இவ்வரலாற்றை வீரச்செயற் கதையாகக் கொள்வோர், பாண்டியனை அச்சமற்ற தலைவனாகக் காண்பர். அதற்கு நூலில் இடமுண்டு. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. சப்பானியர் போர் பாண்டியனைக் கேளாமலே அவன் மீது வந்தது. இந்திய விடுதலைப் போரை அவன் தானே மேற்கொண்டான்; ஆயின் அது நிகழ்ந்த களம் தாயகத்திற்கு வெளியே இருந்தது. இந்தோனேசியப் போரோ முற்றிலும் பிறர் போர். இம்மூன்றனுள் ஒன்றிலேனும் அவனைத் தன்னவன் என்று முழுதும் உரிமை கொண்டாடும் அரசோ குடியோ இல்லை. 1945 ஆகத்து 17-இல் தன் விடுதலையை அறிவித்த நாடு அவனுக்குத் தாய்நாடன்று. 1947-இல் விடுதலை பெற்ற அவன் தாய்நாடு அக்களத்தை அறியாது. படைப்பட்டியல் எதிலும் பெயர் நிலைபெறாதவனாய் அவன் இறக்கின்றான். ‘பாண்டியன்’ என்ற பெயரைச் சிங்காரம் இவனுக்கு இட்டது வறிதே அன்று. ஒரு காலத்து மதுரையை ஆண்ட மரபின் பெயர், இன்று மதுரைத் தெருக்களை நினைந்துகொண்டே அயலகத்தில் அலையும் வட்டிக்கடை இளைஞன் ஒருவனுக்கு வாய்த்துள்ளது. அரசனின்றிப் பொருபவன் அரசர் பெயர் தாங்கியிருப்பது நாவலின் உள்ளார்ந்த நகையாகும்.

இனி, பினாங்கில் நண்பர் கூடி உரையாடும் பகுதியை நோக்குவோம். அங்கு மாணிக்கம் முதலியோர் தமிழரின் பழம்பெருமையை மதுவின் துணையோடு அலசுகின்றனர். இலக்கியமும் வரலாறும் அவர் நாவில் நகைப்பொருளாகின்றன. இப்பகுதியைக் கண்டு, சிங்காரம் சங்க இலக்கியத்தை இகழ்கின்றார் என்பாரும் உளர். அற்றன்று. அந்நண்பர் அவ்விலக்கியத்தை நன்கு கற்றவர்; கல்லாதவரால் அங்ஙனம் நகையாடல் இயலாது. அவர் நகைப்பது இலக்கியத்தை நோக்கியன்று, அவ்விலக்கியத்தைக் கூறிக்கொண்டே வாழ்விற் சிறுமையுற்றோரை நோக்கி, தம்மையும் நோக்கி. புறத்திணை வீரனுக்கு அவைக்களம் இருந்தது. புலவன் அங்கு நின்று பாடினான். பாண்டியனுக்கு வாய்த்த அவைக்களம் இதுவே. அது பாடவில்லை, சிரித்தது. அச்சிரிப்பினடியில் உள்ள துயரத்தை உணராதார் அப்பகுதியின் பயனை உணராதாரே.

5. கையறுநிலை எதிர்த் திசையில்

தொல்காப்பியர் காஞ்சித்திணையின்கண் கையறுநிலையை ஒரு துறையாக வைத்தார். இறந்தாரை நினைந்து எஞ்சியோர் வருந்திப் புலம்புதல் அதன் இலக்கணம். பாரி மறைந்தபின் கபிலர் பாடியவையும், அதியமானின் நடுகற்கு நிகழும் வழிபாட்டைக் கண்டு ஔவையார் பாடியதும் அத்துறைக்குச் சிறந்த காட்டுகள். ஈண்டு நினைவு செல்லும் திசையை நோக்குதல் வேண்டும். நினைப்பவர் இருப்பவர், நினைக்கப்படுபவர் இல்லாதவர். புலம்புதற்கு எஞ்சியோர் அருகில் இருத்தல் இத்துறைக்கு இன்றியமையாதது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதியவள் களத்திற்கே சென்று பிணங்களிடையே தன் மகனைத் தேடிக் காண்கின்றாள். நடந்து செல்லும் தொலைவில் களம் இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று?

சின்னமங்கலத்திற்கும் சுமத்திராவிற்கும் இடையே வங்கக்கடல் கிடக்கின்றது. அக்காலத்தில் அஞ்சலும் அற்றிருந்தது. அங்கு இறந்தோரின் வீட்டார்க்குச் செய்தி எட்ட ஆண்டுகள் ஆயின. எட்டாமலே போனதும் உண்டு. இறந்த நாள் தெரியாதவனுக்குத் திதி கொடுப்பது எங்ஙனம்? இவ்வகையில் கையறுநிலைக்குரிய முதற்பொருளே, அதாவது இறப்பை அறிந்த எஞ்சியோரே, இல்லாத நிலையில் சிங்காரம் எழுதப் புகுந்தார்.

அவர் கண்ட வழி யாது? நினைவின் திசையை மாற்றினார். நாவல் நெடுகிலும் பாண்டியன் சின்னமங்கலத்தை நினைக்கின்றான். அதன் வாரச்சந்தையை, அங்குக் கூடும் மாந்தரை, அவர்தம் பேச்சை, மதுரையின் தெருக்களை, அத்தெருக்களின் ஒலியையும் மணத்தையும் நினைக்கின்றான். எஞ்சியோர் இறந்தவனை நினைக்க இயலாமையின், இறக்கப்போகின்றவன் எஞ்சியோரை நினைக்கின்றான். இஃது எதிர்த் திசையில் செல்லும் கையறுநிலை எனலாம். ஊர் அவனுக்காகப் புலம்பாது என்பதை அறிந்தவன்போல் அவன் ஊருக்காகப் புலம்புகின்றான்.

இவ்வூர் நினைவுப் பகுதிகள் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்றும், அவற்றைக் குறைத்திருப்பின் நாவல் செறிவுற்றிருக்கும் என்றும் கூறுவார் உண்டு. போர்ச் செய்திகளையே கதையெனக் கொண்டால் அக்கூற்றுப் பொருந்தும். யானும் முன்னர் அங்ஙனமே கருதி வகுப்பில் அப்பகுதிகளை விரைந்து கடந்ததுண்டு. ஆயின் அவற்றை நீக்கிப் படித்துப் பார்ப்பின் எஞ்சுவது யாது? அடுத்தடுத்து நிகழும் துணிவுச் செயல்கள் சில. இறுதியில் ஒரு சாவு. அச்சாவு நம்மை வருத்தாது. சந்தையில் ஒவ்வொரு கடையையும் பெயர் சொல்லி நினைக்கவல்லவன் ஒருவன் அச்சந்தைக்கு இனி வாரான் என்பதால் அன்றோ அவன் இறப்பு இழப்பாகின்றது? வீரச்செயல்கள் பாண்டியனை வியக்கச் செய்கின்றன. ஊர் நினைவுகளே அவனை இரங்கத்தக்கவனாக்குகின்றன. எனவே அவை கதைக்குப் புறம்பான விரிவுகளல்ல; இல்லாத தாயும் புலவனும் செய்திருக்க வேண்டிய பணியை அவை செய்கின்றன.

மொழிநடையும் இக்கருத்திற்கு அரணாகின்றது. மலாய், சீனம், ஒல்லாந்தம் முதலிய அயன்மொழிச் சொற்கள் தெருவிலும் துறையிலும் களத்திலும் தடையின்றி வழங்குகின்றன. ஊர் நினைவு வருமிடத்து வழக்குத் தமிழும் பழைய இலக்கியத் தமிழும் ஒருங்கே மேலெழுகின்றன. அயலகம் அவன் நாவில் வாழ்கின்றது. ஊர் அவன் நெஞ்சில் வாழ்கின்றது. இவ்வேறுபாட்டை ஆசிரியர் விளக்கிக் கூறாது சொல்லாட்சியாலேயே உணர்த்துவது பாராட்டிற்குரியது.

6. ஒப்பீடு: வேல்சு நாட்டுக் கறுப்பு நாற்காலி

தமிழ் வீரயுகப் பாடல்களை அயல்நாட்டுப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த க. கைலாசபதி 1968-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் கிரேக்க, ஐரிய, வேல்சுப் பாடல்களைக் கருதினார். வேல்சு மொழியில் அனைரின் என்னும் பழம்புலவர்க்கு உரியதாகக் கூறப்படும் ‘கொடோதின்’ களத்தில் வீழ்ந்த வீரரை ஒருவர்பின் ஒருவராய்ப் போற்றி இரங்கும் நூல். நம் கையறுநிலைக்கும் அதற்கும் உறவு மிகுதி. அம்மரபு இருபதாம் நூற்றாண்டுப் போரில் எங்ஙனம் தொழிற்பட்டதென்பது நம் பொருளுக்கு ஒளி தரும்.

எல்லிசு எவன்சு என்பார் வேல்சு நாட்டுத் திராசுவினித் என்ற ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டே கவிதை புனைந்த இளைஞர். ‘ஹெத் வின்’ என்பது அவர் புனைபெயர். முதல் உலகப் போரில் படையிற் சேர்க்கப்பெற்று, 1917 சூலை 31-இல் பெல்சிய நாட்டுக் களத்தில் வீழ்ந்தார். அவ்வாண்டின் செப்டம்பரில் வேல்சு மக்களின் தேசியக் கவிதை விழா, இங்கிலாந்தில் வேல்சு மக்கள் பலர் குடியேறி வாழ்ந்த பகுதியாகிய பர்க்கன்கெட்டில் நிகழ்ந்தது. பரிசுக்குரிய கவிதையை எழுதியவர் பெயரை அவையினர் அழைத்தனர். எழுந்து வருவார் இல்லை. அவர் இறந்த செய்தி அறிவிக்கப்பெற்றது. வெற்றி பெற்ற கவிஞர்க்கு உரிய நாற்காலியைக் கறுப்புத் துணியால் போர்த்தினர். அந்நாற்காலியைச் செதுக்கியவர் பெல்சியத்தினின்று போருக்கு அஞ்சி வந்த அகதி ஒருவர். பின்னர் அந்நாற்காலி கவிஞரின் பெற்றோர் வாழ்ந்த பண்ணை வீட்டை அடைந்தது. 1923-இல் ஊரில் அவர்க்குச் சிலையும் எழுந்தது.

ஹெத் வின்னும் அயல் மண்ணில் இறந்தவர். தம் நாட்டினதென்று முழுதும் கூறவியலாத போரில் இறந்தவர். எனினும் அவர் பெயரை அழைத்தற்கு ஓர் அவை இருந்தது. அவர் வாராமையை உணர்தற்குக் கூட்டம் இருந்தது. வெறுமையைக் காட்டுதற்கு நாற்காலி ஒன்று இருந்தது. வேல்சு மக்கள் குடிபெயர்ந்தபோது தம் அவையையும் உடன்கொண்டு சென்றனர். பினாங்கு நண்பர் கூடிய அவை அத்தகையதன்று. இவ்வேற்றுமையால் தமிழர் வீரத்திற் குறைந்தவர் என்று கொள்ளல் ஆகாது. வீரம் இருந்தது, வீரத்தை நினைவாக மாற்றும் அமைப்பு அங்கு இல்லை. சிங்காரம் சுட்டும் குறை இதுவே.

7. இடிக்கப்பட்ட கல்லும் அரசன் இல்லாத கல்லும்

தமிழ் மரபில் அவ்வமைப்பு நடுகல்லாகும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் நிகழ்முறையை அறுவகையாகத் தொல்காப்பியம் வகுத்தது. கடல் கடந்த தமிழர் பலர் பங்குகொண்ட இந்திய தேசிய இராணுவத்தின் மாண்டோர்க்கும் ஒரு கல் எழுந்ததுண்டு. 1945 சூலை 8-இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் போசு அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனும் பொருள்படும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பெற்றன. செப்டம்பரில் மீண்டும் வந்த ஆங்கிலேயர் மவுண்ட்பேட்டன் ஆணைப்படி அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். கல் நின்ற காலம் இரண்டு திங்களே. ஐம்பதாண்டு கழித்து, 1995-இல், அவ்விடத்தைக் குறிக்கும் பலகை ஒன்றைச் சிங்கப்பூர் அரசினர் அமைத்தனர். பகைவனின் கல்லையும் அஞ்சத்தக்கதாகக் கருதினர் என்பதால், நினைவு எத்துணை வலியது என்பது போதரும். ஆனால் பாண்டியன் பெயர் அக்கல்லுக்கும் உரியதன்று. அவன் மாய்ந்தது பின்னர், மற்றொரு போரில்.

இனி மாணவர் வினாவிற்கு வருவோம். எந்த அரசனுக்காக? நடுகல்லுக்கு அரசன் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்ஙனம் வந்தது? செங்கம் வட்டாரத்து நடுகற்கள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரால் தொகுக்கப்பெற்று, ‘புயலிலே ஒரு தோணி’ வெளிவந்த 1972-ஆம் ஆண்டிலேயே நூலாயின. பல்லவர் காலத்தனவாகிய அவற்றில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முன்னிற்கின்றன. வீரன் பெயர் பின்னர் வருகின்றது. இவற்றைக் கற்ற நாம் வீரன் அரசனைச் சார்ந்தே நினைக்கப்பெறுவான் என்று பழகிவிட்டோம்.

ஆயின் அவற்றினும் மிகத் தொன்மையான கற்கள் 2006-இல் நமக்கு அண்டையதாகிய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டறியப்பெற்றன. அவை தமிழி எழுத்தில் அமைந்தவை, கிறித்துவிற்கு முற்பட்டவை. அவற்றுள் முழுமையாகக் கிடைத்த ஒரு கல் ஊரைக் கூறுகின்றது. ஆநிரை கவர்ந்த பூசலைக் கூறுகின்றது. மாண்டவன் பெயரைக் கூறுகின்றது. இஃது அவனது கல் என்று முடிகின்றது. அரசன் பெயர் அதில் இல்லை. அரசனை முன்னிறுத்தும் வழக்கம் பிற்காலத்தது என்பதற்கு இது சான்றாகும். கல்லின் அடிப்படை இலக்கணம் மூன்றே: ஊர், செயல், பெயர்.

இம்மூன்றையும் பாண்டியனுக்குத் தருவது யாது? நாவலே. சின்னமங்கலம் என்று ஊர் கூறுகின்றது, அவன் செய்ததும் பட்டதும் கூறுகின்றது, பெயர் கூறுகின்றது. அரசனைக் கூறவில்லை. அங்ஙனம் கூறாமையால் புறத்திணை மரபினின்று விலகியதாகத் தோன்றும் இந்நூல், அம்மரபின் மிகப் பழைய படிநிலையை, அறிந்தோ அறியாமலோ, சென்று தொடுகின்றது. ஒற்றுமை காண்போர் காண வேண்டிய ஒற்றுமை இதுவே என்க. புலிமான்கோம்பைக் கற்கள் வெளிப்படுதற்கு ஒன்பதாண்டு முன்னரே சிங்காரம் மறைந்தார் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

8. முடிவுரை

இக்கருத்துகளை அடுத்த ஆண்டு வகுப்பில் எடுத்துரைத்தபோது வேறொரு மாணவர் மேலும் ஒன்று வினவினார். “பாண்டியனுக்கு நாவலாவது உண்டு. எங்களூரில் வெடிமருந்தால் இறந்தவர்க்கு என்ன உண்டு, ஐயா?” 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் நாற்பதுக்கு அணித்தான உயிர்கள் மாய்ந்தன. அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை பல. அவர் போர் வீரர் அல்லர், கூலிக்கு உழைத்தவர். வெட்சியும் தும்பையும் அவர்க்குரியன அல்ல என்று இலக்கணங் கூறி அவ்வினாவைத் தள்ளிவிடல் எளிது.

அங்ஙனம் தள்ளுதற்கு எனக்கு மனம் ஒருப்படவில்லை. பாண்டியனும் முதலில் கூலிக்கு உழைக்கச் சென்றவனே. போர் அவனை வீரனாக்கியது. அவனோடு கப்பலேறியோருள் பலர் சயாம்–பர்மா இருப்புப் பாதையில் துப்பாக்கி ஏந்தாமலே மாய்ந்தனர். 1942-இலும் 1943-இலும் அமைக்கப்பெற்ற அப்பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள. அங்கு இறந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர்க்கற்கள் இல்லை. எண்பதாண்டு கழிந்தபின், 2023-இல், அவ்வூரில் அவர் நினைவாகக் கல் ஒன்று எழுப்பப்பெற்றது. எழுப்பியோர் அதற்கு இட்ட பெயர் நடுகல். கூலிக்கு உழைத்து மாய்ந்தோர்க்கும் அச்சொல் உரியதென்பதைப் புலவர் உலகம் முடிவு செய்தற்கு முன்னரே மக்கள் முடிவு செய்துவிட்டனர்.

ஆதலின் இந்நாவலைக் கற்பிக்கும் நாம் இரண்டு செயல்களைத் தவிர்த்தல் வேண்டும். பாண்டியனைப் பண்டை வீரனின் மறுபிறப்பாகக் காட்டி மகிழ்தல் ஒன்று; அவன் ஊர் நினைவுகளை இடைச்செருகலாகக் கருதிக் கடத்தல் மற்றொன்று. முன்னது அவன் சாவை மறைக்கின்றது. பின்னது அச்சாவின் பொருளை அழிக்கின்றது. அரசனும் அவையும் தாயும் அருகில் இல்லாதவிடத்து ஒருவன் இறந்தால் அவனை நினைவிற் கொள்வது எங்ஙனம் என்பதே சிங்காரம் எழுப்பிய வினா. ஊரையும் செயலையும் பெயரையும் பிழையின்றிச் சொல்லுக என்பது அவர் தந்த விடை.

அவ்விரண்டாம் மாணவர்க்கு யான் கூறியதும் இதுவே. அவர் இப்பொழுது தம் ஊரிலும் சூழவுள்ள ஊர்களிலும் தொழிலிடை மாய்ந்தோர் பெயர்களை அவர்தம் வீட்டாரிடம் கேட்டு எழுதி வருகின்றார். ஆய்வேட்டிற்கு அது பொருளாகுமா என்று வினவினார். பெயர், ஊர், செய்த தொழில் என மூன்று நிரல்கள் இட்டுத் தொடங்குமாறு கூறினேன்.